ஐந்தாவது துணி

கையுறை போட்ட இரண்டு கைகள் இரத்தப் பையின் மூலையைக் கத்தரித்து, அளவுக் குவளைக்கு மேல் பிடித்தன. நாள் கடந்த இரத்தம், எரிக்கப் போக வேண்டியது. வலது கை பையை அழுத்த, இடது கை குவளையைத் தாங்கியது. நூறு மில்லி கோட்டைத் தொட்டதும் அழுத்தம் நின்றது. கைக்குரியவர் குனிந்து கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தார். கொஞ்சம் கூடுதல். ஊசிக்குழலால் இரண்டு சொட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, தட்டின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியின் நடுவில் குவளையை மெதுவாகக் கவிழ்த்தார்.

துணி குடித்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான்.

கைகள் இன்னொரு நூறு அளந்து ஊற்றின. வட்டம் பெருத்து விளிம்பை நெருங்கியது. மூலைகள் இன்னும் வெள்ளை. அதற்குப் பிறகு பத்துப் பத்து மில்லியாக ஊற்றினார். இருநூற்று நாற்பதில்தான் நான்கு மூலையும் சிவந்து, ஓரத்திலிருந்து தட்டில் முதல் சொட்டு விழுந்தது.

 கைகள் அதே மாதிரிப் புதிய துணி இன்னொன்றை உறையிலிருந்து பிரித்து விரித்தன. அது இருநூற்று முப்பத்தைந்து. மூன்றாவது இருநூற்று நாற்பத்தைந்து. ஒவ்வொன்றையும் சமையல் தராசில் வைத்து எடை பார்த்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, பென்சிலால் குறித்துக்கொண்டார்.

கதவோரம் துடைப்பத்தோடு நின்ற ஆயா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, இப்படித் துணிக்கு ஊத்துறதுக்கு யாருக்காவது ஏத்தியிருக்கலாமே?"

"இதை ஏத்துனா ஆள் போயிடும்."

"அப்ப சரி, துணியாச்சும் பொழைச்சுப் போகட்டும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பழைய துணி ஒண்ணு வேணும். போன மாசம் வரைக்கும் வெச்சிருந்தோமே, துவைச்சுத் துவைச்சு எடுக்கிறது. ஸ்டோர்ல ஒண்ணுகூட இல்லைங்கிறாங்க."

ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அதைச் சரியாகச் சாத்த அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. "எங்க வீட்டுல ரெண்டு கெடக்கு. அடுப்புலேர்ந்து பாத்திரம் இறக்க வெச்சிருக்கேன்" என்றாள். "திருட்டுன்னு எழுதிடாதீங்கம்மா. கந்தலாப் போனதுதான்."

"கந்தலா இல்லாததா ஒண்ணு கொண்டு வா. ஓடு."

அந்த அறை, பிரசவ ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த சலவைக் கூடம். ஐந்து வாரத்துக்கு முன்புவரை அங்கே நாள் முழுக்கக் கொப்பரையில் துணி வெந்துகொண்டிருந்தது. ஒருமுறை பயன்படுத்தி எரித்துவிடுகிற புதிய துணி வந்த பிறகு கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. அந்த அமைதியில் உட்கார்ந்துதான் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் துணிக்கு இரத்தம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

முப்பத்துநாலு வருட உத்தியோகம். நேரில் எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் தலை மறைந்ததும் தராசம்மா. அந்தப் பெயர் வைத்தவர்களுக்கு அது கேலி. அவருக்குத் தெரியவந்தபோது, பட்டம் கொடுத்தது போல வாங்கிக்கொண்டார்.

பெயருக்குக் காரணம் ஒரு மெத்தை. இருபத்தேழு வயதில், ஒரே ஒரு டாக்டர் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர்தான் அந்த ஒரு டாக்டர். நல்லபடியாகப் பிள்ளை பெற்ற ஒருத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. பார்க்கப் பெரிதாகத் தெரியவில்லை. 'சுமார் முன்னூறு மில்லி' என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் அவள் இல்லை. மறுநாள் காலையில் இரண்டு பேர் அந்த மெத்தையை வெயிலில் போட மாடிக்குத் தூக்கினார்கள். தூக்கிய தூக்கில் மெத்தை வளைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. அவர் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார். அன்றைக்குப் பிறகு சுமார் என்ற சொல்லை அவர் வார்டில் யாரும் உச்சரிக்க முடியாது. 'எத்தனை பேர் சாப்பிட்டாங்க' என்று கேட்டால்கூட சமையல்காரர் எண்ணிச் சொல்ல வேண்டும்.

காய்கறிக் கடைத் தராசு ஒன்றை வாங்கிப் பிரசவ அறையில் வைத்தார். நனைந்த துணியின் எடையில் காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் போன இரத்தம். மூன்று வருடம் ஒரு துணி விடாமல் நிறுத்தார். நர்ஸுகள் முணுமுணுத்தார்கள். பெரிய டாக்டர்கள், இவள் டாக்டருக்குப் படித்தாளா மளிகைக் கடைக்குப் படித்தாளா என்று கேட்டார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் எதுவும் அவர் கையில் கிடைக்கவில்லை. நிறுத்து நிறுத்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஆனால் தராசு எல்லா இடத்துக்கும் போகவில்லை. ஓர் இடத்தில் உடைந்தது, ஓர் இடத்தில் பூட்டி வைத்தார்கள். அதனால் தராசு இல்லாமல் நிறுப்பதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. துணி ஒரே அளவு, ஒரே நெசவு, ஒரே மடிப்பு என்றால், முழுசாக நனைந்த துணி ஒன்று எப்போதும் நூறு மில்லிதான். எண்ணினால் போதும். அவருடைய அப்பா தையல்காரர். துணியை இரண்டு விரலுக்கு நடுவே ஒரு தடவை உருட்டிவிட்டு, துவைத்தால் எத்தனை விரற்கடை சுருங்கும் என்று சொல்லிவிடுவார். துணியின் அளவை அப்பாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார்.

கணவர் பொதுப்பணி அலுவலகத்தில் வரைபடக்காரர். பாலமும் மதகும் வரைகிற கையால் அந்த மனிதர் ஐந்து துணிகளை வரைந்தார். கால்வாசி நனைந்தது, பாதி நனைந்தது, நான்கு மூலையும் சிவந்தது. "கல்யாணத்துலகூட எனக்கு இவ்வளவு சிவப்பு மை செலவாகல" என்றார். படத்துக்கு அடியில் கொட்டை எழுத்தில் இரண்டு வரி. கண்ணை நம்பாதே, துணியை எண்ணு. ஐந்தாவது துணி நனைந்தால் காரணம் தேடாதே, டாக்டரைக் கூப்பிடு.

அந்தப் படம் அறுபத்திரண்டு பிரசவ ஆஸ்பத்திரிகளின் சுவரில் ஏறியது. முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று இரத்தப்போக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். போன வருடம், வருடம் முழுவதற்கும் மூன்று பேர். அவரை மேலே ஏற்றியது அந்தப் படம்தான். பிரசவ மரணங்களை விசாரிக்கிற குழுவுக்குப் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டு, இறந்தவளின் கடைசி நாளை மணிவாரியாக வாசிப்பார். விதி என்று யாராவது சொன்னால், "அவரு எந்த ஷிஃப்ட்ல இருந்தாரு?" என்பார். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி. எந்த நிமிஷத்தில் யார் என்ன செய்திருந்தால் இவள் வீட்டுக்குப் போயிருப்பாள்? பதில் ஒரே வரி. அந்த வரி எழுதாமல் யாரும் எழுந்திருக்க முடியாது.

இப்போது அறுபத்திரண்டு ஆஸ்பத்திரிகளையும் சேர்த்து மகளிர் நலத்துக்கென்று ஒரு தனித் துறை வரப்போகிறது, தலைவர் இவர்தான் என்பது வாசல் காவலாளி வரைக்கும் தெரிந்துவிட்டது. உத்தரவு திங்கட்கிழமை வரும்.

இந்த நிலையில்தான், பதினோரு நாளைக்கு முன்பு, மூன்றாம் கட்டில் பெண் இறந்தாள்.

மதியம் இரண்டு பத்துக்குப் பெண் குழந்தை. பிரசவ அறையில் மூன்று கட்டிலுக்கும் ஒரே நர்ஸ். கூட இருக்க வேண்டியவள் வேறொரு நோயாளியோடு ஆம்புலன்ஸில் போயிருந்தாள். மூன்று இருபத்தைந்துக்கு மாடியிலிருந்த டாக்டருக்கு ஆள் வந்தது. ஒரு நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. உதடு சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. வயிற்றுக்குள் ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக அழுத்திப் பிடித்தார், ஊசிகள் போட்டார், ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தார். ஐந்து மணிக்கு நிறுத்தினார்.

வெளியே வந்து, நர்ஸின் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஐந்தாவது துணியில் கூப்பிட்டதாக எழுதியிருந்தது. அந்த வயிற்றில் கை வைத்தவருக்கு, போனது ஐந்நூறு மில்லி இல்லை என்பது தெரியும்.

"எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று, நடைவழியில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். அன்று மாலையே முதல் அறிக்கையில் எழுதினார்: 'பணியிலிருந்த செவிலியர் துணிகளைச் சரியாக எண்ணத் தவறினார்.' நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இறுதி அறிக்கை போக வேண்டும். அதிலும் அந்த வரியே இருந்தால், அவளுடைய உரிமம் போய்விடும். அதோடு காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போகும். அவளுக்கு இருபத்தாறு வயது.

வீட்டாரை விசாரிக்காமல் இறுதி அறிக்கை எழுதக் கூடாது என்பது அவரே போட்ட விதி. அதனால் நேற்றுக் காலை இறந்தவளின் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். ஒற்றை அறை. கொடியில் பஸ் கண்டக்டர் சட்டை ஒன்று இஸ்திரி போட்டபடியே தொங்கியது. இறந்தவளுடையது. அந்த அம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"வலி எப்ப வந்துச்சு?"

"விடியக்காலம்."

"பிரசவத்துக்கு அப்புறம் நர்ஸ் எங்க இருந்தாங்க?"

"எங்க இருக்கும்? அங்கதான் இருந்துச்சு. மூணு கட்டிலுக்கும் நடுவுல பம்பரமா சுத்துச்சு. ஆனா எங்க மருமககிட்ட நிமிஷத்துக்கு ஒருக்க வந்துரும். துணிய எடுக்கும். நாலு மூலையும் விரிச்சு வெளிச்சத்துல பாக்கும். சுவத்துல இருக்கிற படத்தைப் பாக்கும். அப்புறம்தான் 'ரெண்டும்மா'ன்னு சொல்லும்."

டாக்டரின் பேனா நின்றது. "சத்தமா எண்ணினாங்களா?"

"இவளும் சேர்ந்துல்ல எண்ணுனா. இவளுக்குத்தான் டிக்கெட்டு எண்ணி எண்ணி, எதைப் பாத்தாலும் எண்ணுற வியாதியாச்சே. 'பயப்படாதீங்க அத்தை, அஞ்சாச்சுன்னா டாக்டரம்மா வருவாங்களாம், படத்துல போட்டிருக்கு'ன்னா. மூணுன்னா. நாலுன்னு சொல்லும்போது நாக்கு குழறிடுச்சு. தூக்கம் வருது போலன்னு நெனைச்சேன்." குழந்தையின் தலைத் துணியைச் சரிசெய்தாள். "நான் ஒரு முட்டாள். தூங்குடின்னு சொன்னேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"இதெல்லாம் எழுதுனா என்னம்மா ஆகும்?"

"இன்னொருத்தருக்கு இப்படி நடக்காம இருக்கும்."

"அது சரி" என்றாள் அந்த அம்மாள். "எங்களுக்கு?"

பதினோரு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் விசாரித்திருக்கிறார். எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு பேர் சேர்ந்து எண்ணியது எப்படித் தப்பும்? அந்தக் கேள்விதான் மறுநாள் காலையில் அவரைச் சலவைக் கூடத்துக்குக் கொண்டு வந்தது.

ஆயா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். பழைய துணியில் ஒரு பக்கம் லேசாகக் கருகியிருந்தாலும் அளவு குறையவில்லை. டாக்டர் காய்ந்த எடை பார்த்தார். விரித்தார். நூறு மில்லி ஊற்றினார். நான்கு மூலையும் சிவந்து, ஓரத்தில் சொட்டு விழுந்தது.

பழைய துணி பொய் சொல்லவில்லை. புதிய துணியும் பொய் சொல்லவில்லை. புதிய துணி நான்கு என்றால் தொள்ளாயிரத்து அறுபது. ஐந்து என்றால் ஆயிரத்து இருநூறு. நர்ஸ் எண்ணியது சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அறுபத்திரண்டு ஆஸ்பத்திரிக்கும் போன புதிய துணிக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று அவர் கோப்பைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நடைவழியில் கொள்முதல் பிரிவு ஆள் ஓடி வந்து மாதிரித் துணியை நீட்டியது அப்படியே நினைவில் இருந்தது. அதே நீளம், அதே அகலம், அதே வெள்ளை. அப்பாவைப் போல இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். மிருதுவாக இருந்தது.

"உறிஞ்சுமா?"

"ரெண்டு மடங்கு உறிஞ்சும் மேடம்."

"ரொம்ப நல்லது" என்று சொல்லி, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சுமார் என்று சொன்னால் நாக்கை அறுக்கிறவர், இரண்டு மடங்கு என்று காதில் விழுந்த பிறகும் தராசைத் தேடவில்லை.

"என்னம்மா, என் துணி பாசா பெயிலா?" என்று ஆயா கேட்டாள்.

"உன்னோடது பாஸ்" என்றார் டாக்டர்.

அங்கிருந்து எழுந்து நேராகப் பிரசவ அறைக்குப் போய், நாற்காலியில் ஏறித் தன் கையாலேயே படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். சமையல் தராசை மேசையில் வைத்து, இனி நிறுத்துதான் எழுத வேண்டும் என்று சொன்னார். இது ஓர் ஆஸ்பத்திரி. இன்னும் அறுபத்தொன்று இருந்தன. அங்கெல்லாம் அவருடைய வாய்ச்சொல் செல்லாது, எண் போட்ட தாள்தான் செல்லும்.

நர்ஸ் விடுதி அடுத்த கட்டடம். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீ எண்ணினது சரி" என்றார் டாக்டர்.

"தெரியும் மேடம்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. "துணி கனமா இருந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது. நாலாவது துணிய எடுக்கும்போது கை இழுத்துச்சு. நாடி நூத்திப் பதினெட்டு. தாள்ல எழுதியிருக்கேன், பாருங்க."

"அப்பவே ஏன் கூப்பிடல?"

அவள் பெட்டிக்குள்ளிருந்த துணியை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "மூணு மாசம் முன்னாடி, ரெண்டாம் கட்டில் அம்மாவுக்கு, மூணாவது துணியிலயே கூப்பிட்டேன். எனக்கு என்னமோ சரியில்லன்னு பட்டுச்சு. நீங்க ஆபரேஷனைப் பாதியில இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு ஓடி வந்தீங்க. ஒண்ணுமில்ல. 'பட்டுச்சு கிட்டுச்சுன்னு எல்லாம் என்கிட்ட வராதே, படத்துல என்ன எழுதியிருக்கு, படி'ன்னீங்க. எல்லாரும் நின்னாங்க. சத்தமா படிச்சேன்."

கண்ணை நம்பாதே, துணியை எண்ணு.

"அதனால நாலாவதுல நிறுத்தி, படத்தைப் பாத்தேன்" என்றாள் அவள். "நாலுதான் ஆகியிருந்துச்சு."

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது.

"பெட்டியப் பிரி" என்றார் டாக்டர்.

"அறிக்கை போன பிறகு பிரிக்கிறேன் மேடம்."

அவள் சொன்னதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அவள் அவரை நம்பவும் இல்லை. டாக்டருக்கு அது சரியாகத்தான் பட்டது.

மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிக்கையை எழுதினார். கையால் எழுதுவதுதான் வழக்கம். கடைசிப் பக்கத்தில், அந்த ஒரே வரிக்கான இடத்தையும் நிரப்பினார். எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர், கேட்காமலேயே தாளைத் திருப்பி வாசித்தார்.

'புதிய துணிக்கு ஒப்புதல் அளித்த அன்று, குழுத் தலைவரான நான் அதில் ஒரே ஒரு துணியை நனைத்து நிறுத்துப் பார்த்திருந்தால், இவர் வீட்டுக்குப் போயிருப்பார்.'

"என் படம் தப்பா?" என்று கேட்டார்.

"படம் சரி. துணி மாறிடுச்சு."

"வாழ்க்கையில ஒரே ஒரு ஓவியம். அறுபத்திரண்டு ஊர்ல கண்காட்சி. அதுக்கும் ஆணியப் பிடுங்கிட்டியா?" இன்னொரு முறை வாசித்தார். "துணி மாறினதை முன்பக்கத்துலயே எழுதியிருக்கே. துணி வாங்கினவங்க இருக்காங்க, வித்தவங்க இருக்காங்க. கடைசி வரியில நீ மட்டும் ஏன் தனியா நிக்கணும்?"

"கையெழுத்து என்னோடது."

"திங்கட்கிழமை உத்தரவு?"

"வராது."

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புது வேலை வந்தால் மகள் இருக்கிற நகரத்துக்கே வீடு மாறிவிடலாம் என்று அவர் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தார். பெரியவனுக்குப் படம் வரையச் சொல்லித்தருவதாகவும் பேச்சு.  தாளை நேராக அடுக்கி மனைவி பக்கம் தள்ளினார்.  சாப்பிட்ட தட்டையும் தானே கழுவிவைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள், வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குச் சுகாதார இயக்குநரின் அறை. இயக்குநர் கல்லூரியில் அவருக்கு இரண்டு வருடம் இளையவர். கூட்டத்தில் மேடம், தனியாக இருந்தால் அக்கா. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார் என்பதால் இது அக்கா.

அவர் தாளை வாங்கவில்லை. மேசை மேல் வைக்கச் சொல்லி, தொடாமலேயே கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பக்கத்தைத் திருப்பியது டாக்டர்தான்.

"அக்கா, இதை எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதியாச்சே."

"நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. அந்தப் படத்தால எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். இந்தப் படம் ஆளைக் கொன்னுடுச்சுன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, நாளைக்கே ஒவ்வொருத்தரும் சுவத்துல இருக்கிறதைக் கிழிச்சுட்டு, பழையபடி கண்ணால பாத்து சுமார்னு எழுதுவாங்க. அதுக்கா இத்தனை வருஷம் மல்லுக்கட்டினீங்க?"

அது வெறும் பேச்சு அல்ல. முந்தின மாலை முழுக்க டாக்டர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததும் அதுதான்.

"அதை நானும் யோசிச்சேன்" என்றார்.

"அப்ப கேளுங்க. திங்கட்கிழமை உத்தரவு வருது. செவ்வாய்க்கிழமை உங்க கையெழுத்துலயே சுற்றறிக்கை விடுங்க. புதுத் துணி, புதுப் படம், ரெண்டே துணியில கூப்பிடணும்னு. முன்னேற்றம்னு போடுவோம். அந்த நர்ஸையும் நான் பாத்துக்கறேன். உரிமம் போகாது. ஒரு கண்டிப்பு, ஒரு இடமாற்றம், அவ்வளவுதான்."

"எதுக்குக் கண்டிப்பு?"

இயக்குநர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "ஏதாவது ஒண்ணு எழுதணுமே அக்கா. ஆள் செத்திருக்கு."

"இன்னைக்கு வியாழன். செவ்வாய்க்கு அஞ்சு நாள் இருக்கு. அறுபத்தொரு ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு எத்தனை பிரசவம்?"

கேட்டவரே பதிலையும் சொன்னார்.

"இருநூத்தி நாற்பது. அஞ்சு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. அதுல முப்பது பேருக்காவது நிக்காம போகும். முப்பது பேர் பக்கத்துலயும் யாரோ ஒருத்தி நின்னு ஒழுங்கா எண்ணிக்கிட்டு இருப்பா. அஞ்சு ஆகட்டும்னு காத்துக்கிட்டு இருப்பா. நான்தான் அப்படி நிக்கச் சொன்னேன்."

"முப்பதுங்கிறது சுமார் கணக்குதானே அக்கா" என்றார் இயக்குநர், சிரிக்க முயன்று.

"ஆமா. இது மட்டும் சுமார்."

டாக்டர் தாள்களை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். இயக்குநரின் இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் போயின.

"நான் இன்னும் பாக்கல" என்றார், மெதுவாக. "நீங்களும் இன்னும் கொடுக்கல. வீட்டுக்குப் போய் ஒரு நாள் வெச்சிருந்து யோசிங்க. இது உங்க நல்லதுக்கு."

டாக்டர் எழுந்தார். நீட்டிய தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் இயக்குநரும் எழுந்து நின்றார். "சரிங்க மேடம்" என்றார்.

கீழ்த்தளத்தில் தபால் வாங்கும் பிரிவு. கம்பி வலைக்குப் பின்னால், முழுக்கைச் சட்டைக்கு மேல் மைக்கறை படாமலிருக்கப் பழைய காலுறையை வெட்டி மாட்டிக்கொண்ட ஒரு குமாஸ்தா. முத்திரைக் கட்டையை மைத்திண்டில் ஒற்றி ஒற்றி, அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்வார். அந்தக் கட்டை விழுந்து, எண் எழுதி, பேரேட்டில் ஏறிவிட்டால், அப்புறம் அந்தத் தாளை இயக்குநரே நினைத்தாலும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அன்றைக்கே நகல் குழுவில் உள்ள ஏழு பேருக்கும் போயாக வேண்டும். அந்த ஏழு பேரில் மூன்று பேர் வெவ்வேறு பிரசவ ஆஸ்பத்திரிகளின் தலைவர்கள். அதில் ஒருத்தியாவது இன்று மதியத்துக்குள் நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றுவாள், மற்றவர்களுக்கும் போன் போடுவாள் என்று டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். அவர்களைப் பழக்கியது அவர்தானே.

வரிசையில் டாக்டரின் முறை வந்ததும் குமாஸ்தா நிமிர்ந்தார்.

"மேடம், மேல ஐயா ரூம்லேர்ந்துதானே இறங்குறீங்க? அங்கயே கொடுத்திருந்தா முடிஞ்சுதே. எதுக்கு வரிசையில நின்னுக்கிட்டு?"

"எனக்கு நம்பர் வேணும்."

"நம்பர் வேணும்னா நான்தான்" என்றார் குமாஸ்தா, கொஞ்சம் பெருமையாக. டாக்டர் கையிலிருந்த தாளின் தலைப்பைப் பார்த்தார். 'பிரசவ மரணம், இறுதி அறிக்கை' என்று இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறவர். "இதுக்குக் கெடு நாளைக்குத்தானே. நாளைத் தேதி போடட்டுமா? ஒரு நாள் கையில இருக்கும், ஏதாச்சும் திருத்தணும்னாலும் திருத்திக்கலாம்."

"வேண்டாம். இன்னைக்குப் போடுங்க. மணியும் போடுங்க."

"மணியெல்லாம் வழக்கமில்லையே."

"போடுங்க."

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. "பத்தே முக்காலுன்னு போட்டுரவா?"

"பத்து நாற்பது" என்றார் டாக்டர்.

வலையின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. பக்கங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பதினாறு. அவற்றோடு, உறையில் போட்ட புதிய துணி ஒன்றையும் துவைத்து உலர்த்திய, ஒரு பக்கம் கருகிய பழைய துணியையும் சேர்த்து, இரண்டு கையாலும் உள்ளே தள்ளினார். அந்தப் பக்கத்திலிருந்து மைபடிந்த கை வந்து அவற்றை வாங்கிக்கொண்டது.